கூட்டுக்குள் வெளிச்சம் இல்லை

அந்த அணுமின் நிலையத்தில் யாரும் குண்டு செய்யவில்லை. அதை நிரூபிப்பதுதான் அவள் வேலை. செய்த குற்றத்தை நிரூபிக்கவே உலகம் முழி பிதுங்கி நிற்கிறது. இவள் செய்யாத ஒன்றை நிரூபிக்கச் சம்பளம் வாங்கினாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

"உள்ள குண்டு கிண்டு பண்றாங்களாமே, நிஜமா?"

"பண்ணலக்கா. பண்ணலன்னு கணக்கு காட்டத்தான் நான் இருக்கேன்."

"பண்ணலன்னா பண்ணலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. பண்றவனும் அதைத்தான் சொல்வான்."

பொறுமையாக விளக்குவது அவளுக்கு வராது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள். படித்து வந்தால் பெண்ணுக்குப் பேச்சு பதமாகிவிடும் என்று அம்மா நம்பியிருந்தாள். நடந்தது நேர்மாறு. நிலையத்தில் அவளை எல்லோரும் 'கணக்கு' என்றே கூப்பிட்டார்கள். பாதி மரியாதை, பாதி எரிச்சல்.

உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை ஆழமான ஒரு தொட்டியில் தண்ணீருக்கு அடியில் வைத்திருப்பார்கள். குளம் என்று பெயர். நீண்ட உலோகக் குழல்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் ஒவ்வொன்றும் ஓர் ஆளைவிட இரண்டு மடங்கு உயரம். அதற்குக் கட்டு என்று பெயர். கட்டு நிற்கும் இடம் கூடு. எந்தக் கட்டு எந்தக் கூட்டில் நிற்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. எரிந்து முடிந்தது என்றால் சாம்பல் என்று அர்த்தமில்லை. பிரித்தெடுக்கத் தெரிந்தவன் கையில் அப்படி ஒன்றிரண்டு கிடைத்தால் குண்டுக்கான சரக்கு அதிலேயே இருக்கிறது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் பக்கத்தில் நிற்பவனைக் கொன்றுவிடும் என்பதால் திருடன் பயப்படுவான். அரசாங்கம் பயப்படாது. அதனால்தான் பல நாடுகள் சேர்ந்து அமர்த்திய ஆய்வாளர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கள்ளனைப் பிடிக்க வருகிறவர்கள் இல்லை. வீட்டுக்காரனே களவாடவில்லை என்று பார்க்க வருகிறவர்கள்.

அந்த வருஷம் நிலையத்தில் விஸ்தரிப்பு. இருக்கும் உலைகளோடு இன்னும் இரண்டு. ரிப்பன் வெட்டியாகிவிட்டது, மதிலுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, இருபது பேரைப் புதிதாக வேலைக்கும் எடுத்தாகிவிட்டது. கணக்குப் பிரிவுக்கு மட்டும் இன்னொரு ஆள் போடவில்லை. "உலை ரெட்டிப்பாகுது. குளம் ரெட்டிப்பாகுது. நான் மட்டும் ஒத்தையா?" என்று மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

"அது அடுத்த கட்டம்மா" என்பார் அவர்.

குளத்தின் கிரேனை ஓட்டுகிறவர் அவளுடைய சித்தப்பா. அப்பா போன பிறகு வீட்டைத் தாங்கியவர் அவர்தான். அவள் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கு உள்ளே நீ யாரோ, நான் யாரோ. சித்தப்பா சொல்லி வேலை கிடைத்தது என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் வீம்பு. அதனால் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, கேட்டுக்கு முன்னால் பிரிந்து, உள்ளே "வணக்கம் மேடம்", "வணக்கம் ஆபரேட்டர்" என்று நாடகம் போட்டார்கள். சித்தப்பா கொஞ்சம் அதிகமாகவே நடிப்பார். ஒரு நாள் கேன்டீனில் "மேடத்துக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டுவைத்தார். அன்று இரவு வீட்டில் அவள் அவரோடு பேசவில்லை.

ஆய்வாளர் வந்த அன்று குளத்துக் கூடத்தில் எல்லோரும் காலுக்கு உறை போட்டுக்கொண்டு நின்றார்கள். தண்ணீரில் எதுவும் விழக் கூடாது என்பதால் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடிக்கும் கயிறு. கழற்ற வராத மோதிரத்துக்கு மேல் டேப். ஆய்வாளர் ஐம்பது தாண்டிய பெண்மணி. முட்டி வலிக்காரர். குளத்துக்குக் குறுக்கே ஓடும் பாலத்தில் ஏறும்போது "எல்லா நாட்டுலயும் ஏணிய மட்டும் ஒரே மாதிரி செங்குத்தா வச்சிருக்கீங்க" என்று முனகினார்.

"விளக்க அணைங்க."

பட்டப்பகலில் கூடம் கும்மிருட்டானது. உலையிலிருந்து வந்த கட்டு தண்ணீருக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் விடும். பழசானால் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வாளர் கையிலிருந்த கருவிக்குத் தெரியும். நேர் மேலே நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் இருந்தால் அசல். வெறும் இரும்பு என்றால் இருட்டு.

பாலம் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தது. "இருக்கு" என்றார் ஆய்வாளர். "இருக்கு… இருக்கு… இருக்கு." அவர் சொல்லச் சொல்ல அவளும் மனசுக்குள் கூடச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது வரிசையில் குரல் நின்றது.

இருட்டில் தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது.

"இது இல்ல" என்றார் ஆய்வாளர்.

அவள் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஓரத்துல பக்கத்துக் கட்டோட வெளிச்சம் கசியுது. உள்ள ஒண்ணும் இல்ல. நீங்களே பாருங்க."

அவள் பார்த்தாள். கருவிக்குள் சுற்றிலும் நீலக் கட்டங்கள். நடுவில் ஒன்று மட்டும் பல் விழுந்த இடம்போல் கறுப்பு.

விளக்கு வந்தது. மேலாளர் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "பழைய கட்டு, மங்கிப்போச்சுன்னு சொல்லு. பழசு மங்கத்தானே செய்யும்? அவங்களும் எழுதிட்டுப் போயிடுவாங்க."

"அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தது சார். பக்கத்துல இருக்கறதெல்லாம் அதவிடப் பழசு. அதுங்க மின்னுது."

"மெதுவாப் பேசும்மா."

"நான் மெதுவாப் பேசினா அது மின்னிடுமா?"

கேட்க வேண்டியவர் காதில் அது விழுந்துவிட்டது. ஆய்வாளர் தண்ணீருக்குள் இறக்கும் கேமராவைக் கேட்டார். அது கிடங்கிலிருந்து வர நேரம் பிடித்தது. இறக்கினார்கள். ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஓர் எண் வெட்டியிருக்கும். திரையில் அந்தக் கூட்டின் தலை வந்தது. எண் இல்லை. வழுவழுவென்று வெறும் இரும்பு. கிரேன் ஓட்டிப் பழகுவதற்கென்றே செய்து வைத்திருக்கும் டம்மி.

கட்டைக் களவாட நினைக்கிறவன் முதலில் செய்வது இதைத்தான். அசலை எடுத்துவிட்டு அதே அச்சில் ஒரு பொய்யை நிறுத்தி வைப்பான். இதற்கென்று நடந்த பயிற்சி வகுப்பில் அவளே அதைப் படமாகப் பார்த்திருக்கிறாள்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுவத்துல எங்க கேமரா இருக்கு. வாசல் வழியா ஏதாச்சும் போயிருந்தா அதுல இருக்கும். ஆனா அந்தப் படம் எங்க தலைமையகத்துக்குப் போயி, அலசி, பதில் வர நாளாகும். அதுவரைக்கும் உங்க விஸ்தரிப்பு, புது எரிபொருள், எல்லாம் நிக்கும். சாயங்காலம் நான் போன் பண்ணியாகணும்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அதுக்குள்ள ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

மேலாளரின் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் குளத்தில் ஒரு கட்டு இம்மி நகர்ந்தாலும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நகர்த்தியது யார்? கணக்கு அவள் பேரில். நாளைக்கு விசாரணை வந்தால் முதல் நாற்காலி அவளுக்குத்தான். "கணக்குக்காரியே கணக்கை மாத்திட்டா" என்று சொல்ல எத்தனை வாய் காத்திருக்கிறது!

டம்மியைத் தொடுகிறவர்கள் புதிதாகச் சேர்ந்த கிரேன் பையன்களும் அவர்களுக்குப் பழக்கிவிடுகிறவரும்தான். பழக்கிவிடுகிறவர் யார் என்று நினைத்ததுமே அவள் கால் நின்றுவிட்டது. பிறகு ஓடினாள்.

கிரேன்காரர்களின் ஓய்வறையில் சித்தப்பா பெஞ்சில் கால் நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட யாரும் இல்லை.

"வாங்க மேடம், உக்காருங்க. இந்த ஏழைங்க பக்கமெல்லாம்…"

"சித்தப்பா!"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கேட்டுக்கு உள்ளே அந்தச் சொல்லை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஒன்பதாவது வரிசைல டம்மிய வச்சது யாரு?"

"நான்தான்" என்றார், ஏதோ ஜன்னலைத் திறந்தது யார் என்று கேட்டதுபோல். "பசங்களுக்குப் பழக்கணும்ல. காலியா கெடக்கற வரிசைல இறக்கறதுக்குப் பழக்கமே வேணாம், கண்ண மூடிட்டு இறக்கலாம். நாலு பக்கமும் நெருக்கமா நிக்கும்போது நடுவுல உரசாம இறக்கணும் பாரு, அதான் வேலை. அதான் அங்க இருந்த ஒண்ண எடுத்து ஓரமா வச்சிட்டு…"

"எடுத்து?"

"ஓரமா வச்சிட்டு, அந்த எடத்துல டம்மிய இறக்கச் சொன்னேன். அன்னைக்கே மாத்திடலாம்னுதான் இருந்தேன். திடீர்னு கிரேனுக்குப் பெயிண்ட் அடிக்கணும், பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு கீழ இறங்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் மறந்தே போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அதே தண்ணிக்குள்ளதான இருக்கு? வீட்டுல ஒரு குடத்த இந்த மூலைலேருந்து அந்த மூலைக்கு வச்சா ஊருக்கெல்லாம் சொல்லிட்டா வைப்பாங்க?"

"குடமா? சித்தப்பா, மேல ஒரு அம்மா நின்னுக்கிட்டு, இந்த நாடு திருட்டுத்தனமா குண்டு செய்யிதான்னு யோசிச்சிட்டு இருக்காங்க. குடமாம்!"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. மெல்ல எழுந்து நின்றார். உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாத நிற்பு. "என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா பாப்பா?" என்றார்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கட்டு கிடைத்தால் இது முட்டாள்தனம். கிடைக்காவிட்டால் குற்றம். இரண்டுக்கும் நடுவில் சித்தப்பாவின் ஞாபகம் மட்டும்தான் நின்றது.

"எந்த ஓரம்?"

"கடைசி வரிசை. சுவத்த ஒட்டி. இடது மூலை."

"நிச்சயமா?"

"என் கையால வச்சேன்."

வழியில் மேலாளர் மறித்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. உடனே மூளையும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "பாத்தியா, உள்ளேயேதான் இருக்கு. ஒண்ணு செய்யலாம். ஆய்வாளர் சாப்பிடப் போகும்போது கிரேன வச்சு மாத்திடலாம். கேமரா சரியா வேலை செய்யல, வேற கூட்டக் காமிச்சிடுச்சுன்னு…"

"சார்" என்றாள். "இப்போ நம்ம கிட்ட இருக்கறது ஒரு மடத்தனம். நீங்க சொல்றத செஞ்சா அது களவாயிடும். அப்புறம் கட்டு உள்ளேயே இருந்தாலும் நம்மள நம்ப ஒருத்தன் இருக்க மாட்டான். பசங்க குளத்துல பழகலாம்னு கையெழுத்துப் போட்டது நீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம போட்டது நீங்க. வழிய விடுங்க."

வழிவிட்டார். அப்படி ஒருத்தி அவரிடம் பேசியதில்லை போலும். திட்டுவதற்கு வார்த்தை தேடுவதற்குள் அவள் ஏணியில் ஏறிவிட்டாள்.

ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். டம்மி, பயிற்சி, பெயிண்ட், மறதி. கடைசியில் அதையும் சொன்னாள். "இன்னொண்ணும் இருக்கு. இந்த ஆபரேட்டர் என் சித்தப்பா. ஒரே வீடு. கணக்குக்காரியும் கிரேன்காரரும் சொந்தம்னா நீங்க என்ன நினைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். வேற யார் வழியாவோ தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

ஆய்வாளர் அவளையும், பின்னால் கைகட்டி நின்ற சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கு ஒரே மாதிரி இருக்கு. காலைல வாசல்ல பாத்தப்பவே நினைச்சேன்" என்றார். "வாங்க, பாப்போம்."

மறுபடி விளக்கு அணைந்தது. வேறோர் ஆள் பாலத்தை ஓட்ட, கடைசி வரிசைக்கு, இடது மூலைக்கு வந்தார்கள். ஆய்வாளர் குனிந்தார்.

"காலி" என்றார் ஆய்வாளர்.

"இருக்காது" என்றார் சித்தப்பா இருட்டில். "மேடம், நல்லாப் பாருங்க மேடம். என் கையால…"

"நல்லாத்தான் பாக்கறேன். வெறும் கூடு."

சித்தப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் போகும்போது வருமே, அந்தச் சத்தம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளே அவரைச் சந்தேகப்பட்டாள். பிறகு அந்தச் சந்தேகத்தின் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தலை தெளியும்.

"ஆபரேட்டர், நீங்க எங்கேருந்து பாத்து இடதுன்னு சொல்றீங்க?"

"எங்கேருந்து பாப்பேன்? என் சீட்டுலேருந்துதான்."

"சீட்டு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"வாசலப் பாத்து. கட்டு வாசல் பக்கம்தான வருது, நான் அதத்தான பாக்கணும்?"

"கடவுளே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கைவிரல் கண்ணாடிக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. "நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு உள்ள பாக்கறோம். வரைபடமும் அப்படித்தான். இவரு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு… உங்க இடது எங்களுக்கு வலது! மேடம், அந்த மூலை. அந்த மூலைக்குப் போங்க."

பாலம் ஊர்ந்தது. இவ்வளவு மெதுவாக ஓடும் வண்டியை எந்த முட்டாள் செய்தான் என்று அவள் மனசுக்குள் திட்டினாள். நின்றது. ஆய்வாளரின் முட்டி சொடுக்கியது இருட்டில் கேட்டது.

"இருக்கு" என்றார்.

அப்புறமும் குனிந்தே இருந்தார். "இருக்கு. நல்லா மின்னுது. வாங்க, பாத்துக்கோங்க."

அவள் பார்த்தாள். யாருமே இல்லாத வரிசையின் கோடியில், தனியாக, வெட்கமே இல்லாமல் நீலமாக நின்றுகொண்டிருந்தது. அதைத் திட்டத் தோன்றியது. கன்னத்தில் தட்டிக் கொடுக்கவும் தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது. தண்ணீரில் எதுவும் விழக் கூடாது என்பது சட்டம். சட்டையின் தோளில் துடைத்துக்கொண்டாள்.

கேமராவை இறக்கி எண்ணைப் படித்தார்கள். அதேதான். பத்திரத்துக்கு மற்ற கூடுகளையும் விடாமல் பார்த்து முடித்தார்கள். எல்லாம் அதனதன் இடத்தில். விளக்கு வந்தபோது, மேலாளர் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். காலுறையோடு கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் வீட்டுக்குப் போக மணி அடிக்கக் காத்திருக்கும் குழந்தைபோல் இருந்தது. அவள் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கும். எழுந்து காட்டத்தான் தெம்பில்லை.

"நான் இத எழுதத்தான் செய்வேன்" என்றார் ஆய்வாளர், ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே. "சொல்லாம நகர்த்தினது தப்பு. பெரிய தப்பு."

"எழுதுங்க" என்றாள் அவள். "அப்படியே இன்னொண்ணும் எழுதுங்க மேடம். உலைய ரெட்டிப்பாக்கறாங்க, எண்றதுக்கு ஆள் போட மாட்டேங்கறாங்க. இன்னைக்கு மறதி, கிடைச்சிடுச்சு. இன்னும் ரெண்டு குளம் வந்தப்புறம் மறந்தா எவ போய்த் தேடுவா? வேணும்னே எடுக்கறவனுக்கு இந்த மறதி மாதிரி வசதி வேற கிடைக்குமா?"

மேலாளர் தரையிலிருந்தே கை கூப்பினார். "போடறேன்மா. ரெண்டு பேரா போடறேன். இப்போ கொஞ்சம் வாய மூடு."

"நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் ஆய்வாளர் மேலாளரிடம். அவள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "முன்னாடி ஒரு நாட்டுல இதே மாதிரி ஒரு கட்ட ரெண்டு வாரம் தேடினோம். தூக்கமே இல்ல. கடைசில குளத்துலதான் இருந்துச்சு. கிடைச்சப்ப எனக்கும் உங்கள மாதிரிதான் இருந்துச்சு. நான் வேலைக்குப் போறது தப்பு கண்டுபிடிக்கன்னு ஜனங்க நினைக்கறாங்க. உண்மையில, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிட்டு நிம்மதியா தூங்கத்தான் ஊர் ஊரா அலையறேன்."

சித்தப்பாவை வேலையை விட்டு நீக்கவில்லை. விசாரணை முடியும்வரை கிரேனில் ஏறக் கூடாது, அதற்குள் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து விதிமுறைகளை முழுசாகப் படித்துத் தேற வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். சொல்லிக் கொடுக்க வேண்டியவள் 'கணக்கு'தான் என்று தெரிந்ததும் கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்கு என்னைய நீக்கியே விட்டிருக்கலாம்" என்றார்.

சாயங்காலம் இருவரும் கேட்டை ஒன்றாகவே தாண்டினார்கள். இனி நாடகம் போட்டுப் பயனில்லை. காவலாளி "என்ன ஆபரேட்டரே, மக மாதிரி ஒரு பொண்ண வச்சுக்கிட்டு வாயே தொறக்கலியே" என்றான். பஸ்ஸில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு, "பாப்பா, அந்த மூலை காலின்னு சொன்னப்ப நீயும் என்னை நினைச்சியா?" என்று கேட்டார்.

"நினைச்சேன்" என்றாள். "ஒரு நொடி."

"நானும் நினைச்சேன்" என்றார் அவர். "என்னையே. எங்கடா கொண்டுபோய் வச்சோம்னு." அவ்வளவுதான். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவள் தோளில் தலை சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அவள் தோளை அசைக்கவில்லை.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து வருவதையும், இரண்டு முகமும் கசங்கிக் கிடப்பதையும் அம்மா பார்த்தாள்.

"என்னடி, இன்னைக்கு அங்க என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்றாள் அவள். சொல்லி முடிக்குமுன் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. செருப்பைக் கழற்ற முடியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் குனிந்தாள். "ஒண்ணும் ஆகலங்கறதுக்கு எதுக்கு இவ்வளவு சிரிப்பு?"

"அவ வேலையே அதுதானாம்" என்றாள் அம்மா. "வாங்க ரெண்டு பேரும் உள்ள. தட்டு போடறேன்."